இறக்கி வைத்த சோலர்

சோலர் பூட்டப் போகிறவனுக்குத் தேத்தண்ணியும் வாழைப்பழமும் கிடைக்கும்; பூட்டியதைக் கழற்றித் திரும்பவும் பூட்டப் போகிறவனுக்கு ஏச்சு மட்டும்தான் கிடைக்கும். இந்தத் தொழிலில் மண்டை காய்ந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் அவரவர் தொழிலை நினைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் ஒரே சனியன்தான்.

சமாதானம் என்று பெயர், ஆனால் சண்டை முடிந்துவிட்டதென்று ஒருவரும் நம்பாத காலம் அது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை. கரண்ட் கம்பி போகாத அந்த ஊர்களில் எங்கள் கடை சோலர் விற்றது. தென்னோலைக் கிடுகுக் கூரையில் ஒரு தகடு, கட்டிலுக்குக் கீழே ஒரு பற்றரி, இரண்டு மூன்று பல்ப், அவ்வளவுதான். கையில் கொஞ்சம் காசு புழங்கியதும் சனம் கிடுகை எறிந்துவிட்டு ஓடு போடத் தொடங்கியது. மேலே இருக்கிற தகட்டை இறக்கி, கூரை முடிந்ததும் திரும்ப ஏற்ற ஒரு ஆள் வேண்டுமே? கடையில் மற்றவன் எல்லாம் ஏணியைக் கண்டதும் இடுப்புப் பிடித்துக்கொண்டது என்பான். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

சாக்குப் போர்த்தின மனுசன்

வவுணதீவுக்கு உள்ளே ஒரு வயல்காரர். பல்ப் மங்கலாக எரிகிறது, உங்கள் சாமான் சரியில்லை என்று கடைக்கு ஆள்மேல் ஆள் அனுப்பினார். போய் ஏறிப் பார்த்தால், கொளுத்துகிற வெயிலில் தகட்டின் மேல் ஒரு நெல்லுச் சாக்கு. இதென்ன ஐயா என்றேன். பொழுது பட்டதும் போர்த்துவாராம், விடிந்ததும் எடுப்பாராம். அறுவெட்டு நேரம் என்பதால் எடுக்க மறந்துபோகிறதாம். இரவில் அதற்கு ஒரு வேலையும் இல்லை, போர்த்தத் தேவையில்லை என்று நான் பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு அவர் சொன்னதை யோசித்து யோசித்து, வீடு வந்து சேருவதற்குள் எனக்கே சந்தேகம் பிடித்துக்கொண்டது.

"அதெல்லாம் எனக்கும் தெரியும் தம்பி. பகல் முழுக்க வெயிலக் குடிச்ச சாமான் ராவில பனியில கிடந்தா, அதுக்குக் காய்ச்சல் வராதா?"

கலியாணத்துக்கு முதல் கூரை

இனிச் சொல்லப்போவதெல்லாம் பூமணியம்மா வீட்டுக் கதை. பூமணியம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். புருசன் இல்லை. ஒரே மகள், பெயர் ஜீவா, வயது இருபது. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: வீடு பொம்பிளைப் பிள்ளைக்குச் சீதனம். மகளுக்குக் கலியாணம் முடிந்த கையோடு தாய் அந்த வீட்டை விட்டுக் கொடுத்துவிட்டு, அதே வளவில் பின்னால் ஒரு குடில் போட்டுக்கொண்டு போய்விடுவாள். கிடுகு வீட்டைச் சீதனமாகக் கொடுக்க மனம் வராமல் பூமணியம்மா ஓடு போடத் துணிந்தார். அதற்காகத்தான் சோலரை இறக்க என்னைக் கூப்பிட்டார்.

கலியாணத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இயக்கம் கேட்டு வந்துகொண்டிருந்தது. அடுத்த வளவில் கேட்டாகிவிட்டது. தாலி ஏறின பிள்ளையை விட்டுவிடுவார்களாம். "ஆம்" என்று அடித்துச் சொல்ல ஆள் இல்லை, ஆனாலும் பிடித்துக்கொள்ள வேறு கயிறும் இல்லை. மாப்பிள்ளை யோகன், பக்கத்து ஊரில் உழவு மெசின் ஓட்டுகிற பொடியன். நாளும் பார்த்தாயிற்று. கூரைதான் பாக்கி.

தகட்டை இறக்கி வைத்துவிட்டுப் போனேன். கூரை வேலை தொடங்கிச் சில நாளில் வந்து திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் வயர் தொடுக்கிற சின்னப் பெட்டிக்குள் எறும்பு குடியிருந்தது, கம்பி எல்லாம் பச்சை பிடித்துப்போய்க் கிடந்தது. டவுனுக்குக் கொண்டுபோய் ஈயம் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும் என்றேன். அதற்கென்ன, இரண்டு நாள் வேலை என்றும் வாய் சும்மா கிடக்காமல் சொல்லிவிட்டேன். பூமணியம்மா தன்னுடைய நல்ல படங்குத் துணி ஒன்றால் தகட்டைச் சுற்றி, என் மோட்டார் சைக்கிளில் கட்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"போயித்து வா மனே. நீ கொண்டு போறது என்ட பிள்ளைட கலியாணம், அத மட்டும் மறந்திராத."

காக்கா திருப்பின முகடு

கூரை வேலைக்கு வந்தவர் காத்தான்குடி இசுமாயில் காக்கா, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். நல்ல தச்சு வேலைக்காரர். காலையில் பாதையில் ஏறி வாவியைக் கடந்து வருவார் (கார் வண்டியெல்லாம் ஏற்றிக்கொண்டு போகிற மிதவையை நாங்கள் பாதை என்போம்), பின்னேரம் அதிலேயே திரும்பிவிடுவார். பழைய கிடுகுக் கூரைக்குத் தெற்கே ஒரு சரிவு இருந்தது. நம் நாட்டு வெயிலுக்குத் தெற்குச் சாய்வுதான் தோது என்று கடையில் எனக்குப் படிப்பித்திருந்தார்கள், நானும் அதில்தான் பூட்டியிருந்தேன். மாப்பிள்ளையின் தாய் தெய்வானை வந்து பார்த்துவிட்டு, தெற்கு வாசல் எமன் வாசல், சீதன வீட்டுக்குக் கிழக்கு வாசல்தான் வேண்டும் என்றுவிட்டார். வாசல் திரும்பியது. வாசலோடு முகடும் திரும்பியது. நான் தகட்டோடு புறப்படுவதற்கு முன் நிமிர்ந்து பார்த்தால், புதிய கைமரங்கள் கிழக்கே ஒரு பக்கம், மேற்கே ஒரு பக்கம் சரிந்துகொண்டு நிற்கின்றன. தெற்கென்று ஒன்று அந்தக் கூரையிலேயே இல்லை.

காக்கா, தகட்டை நான் எங்கே வைப்பது என்று கத்தினேன். அவர் வாயில் இருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஆறுதலாகப் பதில் சொன்னார்.

"நான் ஊட்டுக்குத்தான் கூரை போடுறன் தம்பி, உங்கட தகட்டுக்கு இல்ல. சூரியனக் கொஞ்சம் இஞ்சால தள்ளிப் போகச் சொல்லுங்களன்."

உள்சாமான், வெளிச்சாமான்

ஈயம் வைக்கிற வேலை அடுத்த நாள் ஒரே பின்னேரத்தில் முடிந்தது. மறுநாள் தகட்டைக் கட்டிக்கொண்டு வவுணதீவுச் சென்றிக்கு வந்தேன் (ஆமியின் சோதனைச் சாவடி; அதற்கு அங்கால் இயக்கத்தின் இடம்). போகும்போது இதே தகட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு "சரி, போ" என்று சிரித்து அனுப்பிய ஆமிக்காரன்தான் நின்றான். கொஞ்சம் தமிழ் தெரிந்தவன், என்னை மல்லி என்பான், சிங்களத்தில் தம்பி. இன்றைக்குச் சிரிப்பைக் காணோம். காலையில் புது உத்தரவாம். சோலர், பற்றரி, வயர் ஒன்றும் உள்ளே போகக் கூடாதாம்.

இது உள்ளே இருந்த சாமான்தான், முந்தாநாள் நீதானே வெளியே விட்டாய், அதே சாமான் அதே வீட்டுக்குப் போகிறது என்று நான் மூச்சு விடாமல் சொன்னேன். அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். உண்மையாகவே யோசித்தான், பாவம். யோசித்து அவன் சொன்ன ஞாயத்தில் எங்கே பிழை என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

"உள்ள சாமான் எண்டா உள்ளதானே இருக்கும், மல்லி? இது வெளிய இருக்கு. அப்ப இது வெளிச் சாமான்."

அண்ணாந்து பார்த்த சம்பந்தி

தகட்டைச் சென்றிக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் வைத்துவிட்டு, விசயத்தைச் சொல்ல வெறுங்கையோடு பூமணியம்மா வீட்டுக்குப் போனேன். என் காலம், அதே நேரம் பார்த்துத் தெய்வானையும் அவருடைய தமையனும் கூரை பார்க்க வந்து நிற்கிறார்கள். ஓடு சிவக்கச் சிவக்க, மணக்க மணக்கப் புதிதாய் இருக்கிறது. இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். முன்பக்கம் பார்த்தார்கள், சுற்றிப் பின்பக்கம் பார்த்தார்கள். ஓட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சம்பந்தம் பேசின நாளில் கூரையில் சோலர் இருந்தது. கூரையில் இருப்பது வீட்டோடு சேர்ந்தது, வீடு மகளுக்கு. இறக்கி நிலத்தில் வைத்தால் அது தாயுடைய தட்டுமுட்டுச் சாமான், அவள் குடிலுக்குக் கொண்டுபோய்விடலாம். கூரை மாற்றுகிறேன் என்ற சாட்டில் பூமணியம்மா வெளிச்சத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டார் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஐயோ இல்லை, சோலர் என்னிடம் இருக்கிறது என்று நான் குறுக்கே விழுந்தேன். அதோடு எனக்கு விற்றுவிட்டார் என்று ஆகிவிட்டது. வாயைத் திறக்கத் திறக்கச் சிக்கல் கூடியது. சோலர் பூமணியம்மாவுக்குப் பெரிதில்லை, நாள் தள்ளிப்போய்விடுமோ என்ற பயத்தில் முகம் வெளுத்துப்போய் நின்றார். புது வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜீவா என்னைப் பார்த்த பார்வையில் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தெய்வானை கெட்ட மனுசி இல்லை. ஏமாந்துபோகக் கூடாது என்ற பிடிவாதக்காரி, அவ்வளவுதான். போகும்போது வேலிப் படலையடியில் நின்று சொன்னார்.

"வெளிச்சத்துக்கு ஆசப்பட்டு நான் கேக்கல்ல. காட்டின சாமான் காட்டின இடத்தில இருக்கணும். தகடு ஏறட்டும், தாலியும் ஏறும்."

சென்றிக்கும் கூரை மாற்றினார்கள்

அடுத்த நாள் விடிந்ததும் சென்றிக்குப் போய்க் குந்திக்கொண்டேன். கெஞ்சுவதா, கோபிப்பதா, என்ன பாசையில் கெஞ்சுவது, ஒன்றும் தெரியவில்லை. பார்த்தால், சென்றிக் குடிலுக்கும் கூரை மாற்றுகிறார்கள். கிடுகை எடுத்துவிட்டுத் தகரம். அந்தக் கூரையிலும் ஒரு சோலர். அதை எப்படி இறக்குவதென்று தெரியாமல் நாலு ஆமிக்காரர் கீழே நின்று துவக்குப் பிடியால் குத்திப் பார்க்கிறார்கள். "மல்லி, கழட்டத் தெரியுமா?" என்றான் பழைய ஆள்.

ஏறினேன். ஏறின பிறகுதான் விளங்கியது, கூரையில் ஏறினவனை உலகம் முழுக்கப் பார்க்கும் என்று. வாவியில் தோணிக்காரர் பார்க்கிறார்கள். பஸ்ஸால் இறங்கி வரிசையில் நின்ற சனம் எல்லாம் பார்க்கிறது. அங்கால் பக்கத்தில் இயக்கத்தின் சென்றி இருக்கிறது, அங்கே இருந்தும் ஆராவது பார்ப்பார்கள். இறக்கிக் கொடுத்தேன். தகரம் அடித்து முடிந்ததும் திரும்பப் பூட்ட வேண்டுமே, அந்த உதவிக்காக என் தகட்டை உள்ளே விடலாமா என்று பார்க்க, அதற்குள் அதைத் தேத்தண்ணிக் கடையில் இருந்து கொண்டுவரச் சொல்லிச் சென்றிக்குப் பெரியவரான ஆமிக்காரர் சோதித்தார். அவர்களுடையதும் அதே அளவு, அதே நிறம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சாத்தி வைத்தார்கள். நான் ஆணி தேடி வருவதற்கிடையில் ஒருவன் நிழலுக்காக இரண்டையும் தூக்கி இடம் மாற்றிவிட்டான்.

எது எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பின்பெட்டியைத் திறந்தால் என் புது ஈயம் காட்டிக் கொடுத்துவிடும் என்று நான் திருப்புளியை எடுத்தேன். பெரியவருக்கு அவசரம், மேலிடத்து ஜீப் வருகிறதாம். கையை உதறிக்கொண்டு சொன்னார்.

"ஒண்டு மேல, ஒண்டு உள்ள. எது எண்டாலும் ஒண்டுதான். கெதியாப் பூட்டிப்போட்டு ஓடு."

ஆரைப் பார்த்துப் பூட்டுவது

அங்கால் சென்றியில் நின்ற பொடியனுக்கு மீசை இப்போதுதான் முளைத்திருந்தது. "ஆமிட கூரையில உங்களுக்கு என்ன வேலை அண்ணே?" என்றான். நான் நினைத்தது சரி, பார்த்திருக்கிறான். கலியாணம், கூரை, எறும்பு, ஈயம் எல்லாவற்றையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கொட்டினேன். நம்பினானோ இல்லையோ, நானும் வாறன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு பூமணியம்மா வீட்டுக்கே வந்துவிட்டான். அவனைப் படலையில் கண்டதும் பூமணியம்மா ஜீவாவைச் சமைக்கிற குசினிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும்.

கிழக்குச் சரிவில் தகட்டை வைத்தேன். அப்படி வைத்தால் ஆமிக்குக் கண்ணாடி காட்டுகிற மாதிரி மினுங்கும் என்றான் பொடியன். மேற்குச் சரிவுக்கு மாற்றினேன். காட்டைப் பார்த்து மினுங்கினால் ஆமி என்ன நினைப்பான் என்று பூமணியம்மா கையைப் பிசைந்தார். இசுமாயில் காக்கா பொறுமை இழந்து, முகட்டின் மேல் இரண்டு பலகையால் ஒரு சின்னக் கட்டில் அடித்தார். ஒருத்தரையும் பார்க்க வேண்டாம், மல்லாக்கப் படுத்து ஆகாயத்தைப் பார்க்கட்டும் என்றார். ஹெலி வந்தால் என்ன செய்வது என்று நான் கேட்க வாயெடுத்து, நல்ல வேளையாக மூடிக்கொண்டேன்.

முகட்டில் குந்தி வயர் தொடுக்கப் பின்பெட்டியைத் திறந்தேன். ஈயம் இல்லை. எறும்பு அரித்த தடமும் இல்லை. சுத்தமான, கைபடாத பெட்டி. எனக்கு முகட்டோடு சேர்ந்து தலை சுற்றியது. பூமணியம்மாவின் தகடு அங்கே சென்றிக்கு மேலே வெயில் காய்கிறது, ஆமியின் தகடு இங்கே என் மடியில் இருக்கிறது, கீழே இயக்கப் பொடியன் நின்று "என்ன அண்ணே, பழுதா?" என்கிறான். பழுதில்லை தம்பி, மிச்சம் நல்ல சாமான் என்றேன். பொய் சொல்லவில்லைதானே. கம்பியைத் தொடுத்தேன். கீழே பல்ப் எரிந்தது. பட்டப்பகலில் எரிகிற அந்த பல்ப்பைப் பார்த்துப் பூமணியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் இறங்க மனமில்லாமல் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தேன்.

பொடியன் பல்ப்பைப் பார்த்தான், சாத்தியிருந்த குசினிக் கதவைப் பார்த்தான். கலியாணம் எப்போது என்று கேட்டான். வாற புதன்கிழமை என்றார் பூமணியம்மா, குரலே இல்லாமல். அவன் சைக்கிளைத் திருப்பினான்.

"நாளைக்கு எண்டாலும் முடிச்சிருங்கம்மா. எல்லா நாளும் இந்தப் பக்கம் நான் நிக்க மாட்டன்."

கம்பத்தில் நின்றது

மறுநாளே தாலி ஏறியது. தெய்வானை நாள் கோளைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. முகட்டை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, முன்னுக்கு நின்று எல்லாவற்றையும் நடத்தி வைத்தார். அதன் பிறகு சண்டை வந்தது. ஷெல் விழ விழப் படுவான்கரைச் சனம் எல்லாம் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடி வந்தது. கடையைப் பூட்டியாகிவிட்டது, எனக்கும் வேலை இல்லை. ஒரு நாள் செட்டிபாளையம் பக்கத்து முகாம் ஒன்றில் இருந்து யோகன் ஆள் அனுப்பியிருந்தான், சோலர் பூட்ட வேண்டுமாம்.

போனேன். ஒரு தறப்பாள் கொட்டில். பூமணியம்மா, தெய்வானை, யோகன், ஜீவா நாலு பேரும் அதற்குள்தான். ஓட்டுக் கூரை உடைந்து விழுந்த பிறகு யோகன் முகட்டில் ஏறித் தகட்டை மட்டும் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறான். ஜீவாவுக்கு மாசம் ஏழு. வாசலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், என்னைக் கண்டதும் "வாங்கண்ணே" என்று சிரித்தாள். ஒரு கம்பை நட்டு, தகட்டைத் தெற்கே பார்த்துக் கட்டினேன். எமன் திசை என்று ஒருவரும் சொல்லவில்லை.

பல்ப் தெய்வானையின் பாய்க்கு மேலே தொங்கியது. அவர் அதைச் சம்பந்தியின் பக்கம் தள்ளிக் கட்டச் சொன்னார். பூமணியம்மா வேண்டாம், அது பிள்ளையுடைய வீட்டுச் சாமான், அங்கேயே இருக்கட்டும் என்றார். வீடெங்கே என்றார் தெய்வானை. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். முகாம் வாசலில் ஒரு ஆமிக்காரன் துவக்கோடு நின்று எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கம்பத்தை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் பூமணியம்மா என்னிடம் கேட்டார்.

"கூரையில இருந்தா மகளுக்கு, நிலத்தில இருந்தா எனக்கு எண்டாங்க. இப்ப கம்பத்திலயெல்லோ நிக்குது. உண்மையாச் சொல்லு மனே, இது ஆருட சோலர்?"

கூரை மாற்றும்போது சோலரைக் கழற்றித் திரும்பப் பூட்டுவது அரை நாள் வேலை என்று சொல்லித்தான், ஐயாமாரே, கடையில் என்னை அனுப்பி வைத்தார்கள்.